ஆஃப்ரிஸ்கி போகிறீர்களா? அந்தத் தடித்த சாக்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்

ஜூலை விடுமுறைக்கு டர்பனிலிருந்து லெசோத்தோவின் ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு மையத்துக்குக் கிளம்பும் குடும்பங்கள் ஜாக்கெட், கையுறை, தொப்பி என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். சாக்ஸுக்கு மட்டும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. வீட்டில் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து, போதாததற்கு அதற்கு மேல் இன்னொரு ஜோடியையும் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் மதியத்துக்குள் கால்விரல் மரத்துப்போய், பூட்ஸைக் கழற்றி ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். பணம் கொடுத்து வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்குப் பலகை வெளியே சும்மா கிடக்கும். இதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் ஒரே ஒரு நல்ல ஜோடி சாக்ஸ் இருந்தால் இது நடக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை ஏறும், மெல்லிய அல்லது நடுத்தரத் தடிமனுள்ள, மெரினோ செம்மறியாட்டுக் கம்பளியோடு நைலானும் கொஞ்சம் எலாஸ்டேன் என்ற இழுபடும் இழையும் கலந்த ஸ்கீ சாக்ஸ் ஒன்று போதும். ஒரு காலுக்கு ஒன்றுதான், இரண்டு வேண்டாம். நான் ஆஃப்ரிஸ்கியில் வாடகை பூட்ஸுக்குள் இந்த மாதிரி சாக்ஸையும், அங்கோரா ஆட்டு ரோமத்தில் பின்னிய நம் ஊர் மோஹேர் சாக்ஸையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். அக்கா மகன் காலில் பள்ளி ரக்பி சாக்ஸ் என்ன செய்தது என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். மூன்றையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

தடிமன் ஏன் ஆகாது என்பது பலருக்கும் நம்ப முடியாத விஷயம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சாக்ஸ் தானாகச் சூடு உண்டாக்காது. காலுக்குச் சூட்டைக் கொண்டுவருவது ரத்தம், அதைப் பிடித்து வைப்பது மட்டுமே சாக்ஸின் வேலை. ஸ்கீ பூட்ஸின் வெளிக்கூடு கெட்டியான பிளாஸ்டிக், அது ஒரு துளியும் விரிந்து கொடுக்காது. உள்ளே லைனர் என்ற நுரை உள்ளுறை இருக்கும். அதற்குள் தடித்த சாக்ஸோடு காலைத் திணித்து பக்கிளை இழுத்துப் பூட்டினால், அழுத்தம் முழுவதும் கால்மீதுதான் விழும். புறங்காலில் தோலுக்கு மிக அருகிலேயே ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது, விரலை வைத்தால் துடிப்பே தெரியும். அதன் மேல் அழுத்தம் விழுந்தால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறைகிறது, விரல் குளிர்கிறது. குளிர்கிறதே என்று இன்னொரு சாக்ஸ் போட்டால் இன்னும் இறுகும், இன்னும் குளிரும். போதாததற்கு, நூலிழைகளுக்கு நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுப்பது, நசுங்கிய சாக்ஸில் அந்தக் காற்றும் போய்விடும். இரண்டு சாக்ஸ் போட்டால் ஒன்றின் மேல் ஒன்று நழுவிச் சுருக்கம் விழும், சுருக்கம் விழுந்த இடத்தில் கொப்புளம் வரும்.

ஆஃப்ரிஸ்கி 3000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காலிடோன்ஸ்பூர்ட் எல்லையைத் தாண்டி, பூத்தா-பூத்தே வழியாக மொட்டெங் கணவாய் ஏறிப் போனால் மஹ்லசேலா கணவாய் பக்கத்தில் வரும். அங்கே இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகவே இறங்கும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ஆகவே கால் குளிர்வது மட்டுமல்ல, வியர்ப்பதும் நடக்கும். டர்பன்காரர்கள் குளிரையே நினைத்துக்கொண்டு வியர்வையை மறந்துவிடுகிறோம். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து அப்படியே வைத்துக்கொள்ளும், கொஞ்ச நேரம் நின்றாலே ஈரத்துணியைக் காலில் சுற்றிய மாதிரி ஆகிவிடும். கம்பளி அப்படியில்லை. தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது, நாற்றமும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. மெரினோ இழை மெல்லியது என்பதால் பாட்டி பின்னிய ஸ்வெட்டர் மாதிரி குத்துவதும் இல்லை.

சரி, ரக்பி சாக்ஸ். நம் வீடுகளில் பிள்ளைகளின் அலமாரியில் நிச்சயம் ஒரு ஜோடி இருக்கும், நீளமாகவும் இருக்கும், அதனால் இதுவே போதும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பூட்ஸுக்குள் அது சரிப்படவில்லை. அக்கா மகன் சாயங்காலம் சாக்ஸைக் கழற்றியபோது கணைக்காலின் முன் எலும்பு மேல் சாக்ஸின் வரி வரியான பின்னல் அப்படியே சிவப்பாகப் பதிந்திருந்தது. மேலே மடித்து விட்ட பட்டை பூட்ஸின் விளிம்புக்குள் மாட்டிக்கொண்டு, அந்த இடத்தில் குறுக்கே ஒரு தடிப்பு, தொட்டால் கையைத் தட்டிவிட்டான். ஸ்கீ ஓட்டும்போது கணைக்காலை முன்னால் சாய்த்து பூட்ஸின் நாக்கை அழுத்திக்கொண்டேதான் இருக்க வேண்டும், ஆகவே அங்கே ஒரு மடிப்போ தையலோ இருந்தால் நாள் முழுக்க அதே இடத்தில் குத்தும். இந்த சாக்ஸ் பெரும்பாலும் நைலானும் பாலியஸ்டரும்தான், வியர்வையை உள்ளே வாங்காது. மைதானத்துக்கு அது சரி, பனிக்கு வேண்டாம்.

மோஹேர் சாக்ஸைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையோடுதான் பேசுவேன். உலகத்தில் விளையும் மோஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் வருகிறது, பெரும்பாலும் ஈஸ்டர்ன் கேப் கரூ பக்கத்து ஆடுகளிடமிருந்து. 1838-இல் துருக்கியிலிருந்து அங்கோரா ஆடுகள் இங்கே வந்த கதையும் சுவையானது. இனம் பெருகிவிடக் கூடாது என்று கிடாக்களை மலடாக்கித்தான் அனுப்பினார்களாம், ஆனால் கூட வந்த ஒரு பெட்டை ஆடு சினையாக இருந்து ஆண் குட்டி போட்டுவிட்டது என்று சொல்வார்கள். அந்த இழையில் பின்னிய சாக்ஸ் வழவழப்பாக இருக்கும், சீக்கிரம் தேயாது, கொப்புளம் போடாது. டிராக்கன்ஸ்பர்க் மலையில் நடக்கப் போனால் எனக்கு அதைவிட நல்ல சாக்ஸ் வேண்டாம். ஆனால் கடைகளில் நான் பார்த்தவை பெரும்பாலும் நடைப்பயணத்துக்கானவை, கெண்டைக்கால் பாதியிலேயே நின்றுவிடும். ஸ்கீ பூட்ஸின் விளிம்பு அதற்கு மேலே இருப்பதால் வெறும் தோலில் பிளாஸ்டிக் உரசும். அடிப்பக்கமும் தடிமன் அதிகம். ஆகவே மலையில் பூட்ஸைக் கழற்றிய பிறகு, இரவு அறையில் போட்டுக்கொள்ள மோஹேர் ஜோடி ஒன்றை எடுத்துப் போங்கள், அதற்கு அது அருமை.

இனி ஸ்கீ சாக்ஸ். கடையில் வாங்கும்போது முதலில் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் பாருங்கள், உண்மை அங்கேதான் இருக்கிறது. துண்டுத் துணியில் இருப்பதைப் போன்ற சின்னச் சின்ன நூல் வளையங்கள் எங்கே இருக்கின்றன என்று தடவிப் பார்க்க வேண்டும். நல்ல சாக்ஸில் அவை கணைக்கால் முன்பக்கத்திலும் குதிகாலிலும் விரல் பக்கமும் இருக்கும், புறங்காலிலும் கெண்டைக்கால் பின்பக்கத்திலும் மெல்லியதாக விட்டிருப்பார்கள். விரல் நுனித் தையலை நகத்தால் வருடினால் தடுக்கக் கூடாது. குதிகாலுக்கு ஆழமான பை மாதிரி வடிவம் இருக்க வேண்டும், அது இல்லாமல் நேர் குழாயாக இருந்தால் கணுக்காலில் சுருக்கம் நிச்சயம். வலது இடது என்று தனித்தனியாகப் பின்னியவை கிடைத்தால் அதையே எடுங்கள். ஃபால்கே நிறுவனத்தின் சாக்ஸில் இடதுக்கு எல், வலதுக்கு ஆர் என்று எழுத்துப் போட்டிருக்கும், அவர்களுடைய ஸ்கீ வரிசையில் எஸ்கே2 நடுத்தரம், எஸ்கே4 மெல்லியது. எண் ஏற ஏறத் தடிமன் குறையும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால் கடையில் குழப்பம் வராது. அளவு இரண்டு எண்களுக்கு நடுவில் இருந்தால் சின்னதை எடுங்கள். பிள்ளைகளுக்கு ‘வளருவான், பெரிசா வாங்கு’ என்பது பள்ளிச் சட்டைக்கு சரி, இதற்கு வேண்டாம்.

விலை கொஞ்சம் உறுத்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்றைக்கு சாயங்காலம் அக்கா மகன் ஹீட்டரை விட்டு நகரவில்லை, நான் கடைசி வரை சரிவில் இருந்தேன், என் காலில் ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. இருவரும் வாடகை பூட்ஸ்தான் போட்டிருந்தோம்.

வாடகை பூட்ஸைப் பற்றி ஒரு விஷயம். பல பேர் போட்டு லைனர் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், ஆகவே அதில் மெல்லியதைவிட நடுத்தர சாக்ஸ் சில கால்களுக்கு நன்றாகப் பொருந்தும். புது பூட்ஸ் சொந்தமாக வாங்குகிறவர்கள் மெல்லியதிலேயே நில்லுங்கள், லைனர் கொஞ்ச நாளில் தளரும். எதுவானாலும் அளவு பார்க்கும்போதே அந்த சாக்ஸைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அங்கே காலை சென்டிமீட்டரில் அளப்பார்கள், நம் ஷூ எண் உதவாது. பெரிய பூட்ஸ் கேட்டு வாங்கி உள்ளே தடித்த சாக்ஸால் நிரப்பினால் குதிகால் தூக்கிக்கொள்ளும், பலகை நம் பேச்சைக் கேட்காது.

இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்து ஓட்டும் ஸ்னோபோர்டுக்கான பூட்ஸ் மென்மையானது, நடக்கவும் சுலபம், அதில் இன்னும் சற்றுத் தடிமனுள்ள சாக்ஸ் போடலாம். ஆனால் பலகையின் விரல் பக்க விளிம்பில் சாயும்போது குதிகால் மேலே எழப் பார்க்கும், அதனால் குதிகால் பகுதி காலோடு ஒட்டிப் பிடிக்கும் சாக்ஸாக இருக்க வேண்டும். மற்றபடி விதி ஒன்றுதான்.

குளிருக்குப் போடும் உள் பேன்ட்டை சாக்ஸுக்குள்ளேயோ பூட்ஸுக்குள்ளேயோ திணிக்காதீர்கள். பூட்ஸ் விளிம்புக்கு மேலே ஏற்றி விட்டுவிடுங்கள். உள்ளே சாக்ஸைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைத் தாண்டிப் போக வேண்டாம். நம் டர்பன் தமிழ்க் குடும்பங்களில் அது இல்லாத வீடு குறைவு. காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பூட்ஸ் அழுத்துவதோ தோல் உரிவதோ தெரியவே தெரியாது. ரத்த ஓட்டத்துக்கு நல்லது என்று சொல்லி விற்கும் இறுக்கமான கம்ப்ரெஷன் சாக்ஸை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். மேல் பட்டை தோலில் பள்ளம் பதிக்காத சாக்ஸாகப் பாருங்கள். நடுநடுவே பூட்ஸைக் கழற்றிக் காலைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்பா, அம்மா, மாமா யாராவது பெரியவர்கள் கூட வந்தால் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாகப் பராமரிப்பு. காரில் வரும்போதே ஸ்கீ சாக்ஸைப் போட்டுக்கொண்டு வராதீர்கள், மலைக்கு வருவதற்குள் வியர்த்துவிடும். பூட்ஸ் போடுவதற்குச் சற்று முன்னால் மாற்றுங்கள். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்று காயும் நேரத்தில் மற்றது. இரவில் லைனரையும் திறந்து காயவிடுங்கள், காலையில் ஈர லைனருக்குள் எந்த சாக்ஸும் எடுபடாது. வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், சாஃப்ட்னர் ஊற்றாமல் துவையுங்கள், சாஃப்ட்னர் இழை மேல் படிந்து ஈரத்தை வாங்கும் குணத்தைக் கெடுத்துவிடும். டம்பிள் டிரையரில் போட்டால் எலாஸ்டேன் தளர்ந்துவிடும், கொடியில் நிழலில் போட்டால் போதும், டர்பன் ஜூலை வெயிலுக்கு மறுநாளே காய்ந்துவிடும்.