ஆக்ஸ்ஃபோர்டு எம்பிஏ: பேலியலா, வூஸ்டரா, கிரீன் டெம்பிள்டனா, வுல்ஃப்சனா?

சென்னையிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டுக்கு எம்பிஏ படிக்கப் போகிறவர்கள் ஜிமேட், கட்டுரை, நேர்காணல் என்று மாதக்கணக்கில் தயாராகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பல காலேஜ்களில் எதில் சேர விருப்பம் என்று விண்ணப்பத்தில் கேட்கும் கட்டத்தை மட்டும் கடைசி நாள் ராத்திரி, கேள்விப்பட்ட பெயராகப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். ஒரு வருஷம் எங்கே தூங்கப் போகிறோம், யாரோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறோம் என்பதை முடிவு செய்யும் கட்டம் அது. அதற்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

வகுப்பு எல்லோருக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சயீத் பிசினஸ் ஸ்கூலில்தான். பட்டம் பல்கலைக்கழகம் கொடுப்பது. எந்தக் காலேஜில் இருந்தாலும் படிப்புக் கட்டணம் ஒன்றேதான். அறை, சாப்பாட்டுக்கூடம், நூலகம், அக்கம்பக்கத்து ஆட்கள், இவைதான் காலேஜ் தருபவை. ஐஐடி மெட்ராஸில் படித்தவர்கள் நர்மதா, கோதாவரி என்று ஹாஸ்டல் பெயரைச் சொல்லி ஆயுசுக்கும் சொந்தம் கொண்டாடுவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆகவே காலேஜ்களுக்கு ரேங்க் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பழைய காலேஜ்களிலிருந்து தொடங்கலாம். பேலியல் 1263-இல் தோன்றியது. நமக்கு அதில் ஒரு தனி ஒட்டுதலும் உண்டு. மெரினாவில் சிலையாக நிற்கும் ஜி.யு. போப், ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்த காலத்தில் அங்கேதான் மதகுருவாக இருந்தார். மாம்பலத்து மாமாக்களுக்கும் பேலியல் என்ற பெயர் தெரிந்திருக்கும். ஆனால் மேற்படிப்பு மாணவர்களின் வாழ்க்கை பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் அந்தப் பழைய வளாகத்தில் நடப்பதில்லை. கிழக்கே தள்ளியிருக்கும் ஹாலிவெல் மேனர்தான் அவர்களுக்கு வீடு. பல துறை ஆட்கள் கலந்து பழகும் நல்ல இடம்தான். சயீதுக்குப் போக மட்டும் தினமும் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும்.

தூரம்தான் உங்கள் கவலை என்றால் வூஸ்டர். 1714-இல் வந்தது, உள்ளேயே ஏரி, சயீதுக்குச் சில நிமிட நடை. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இந்த இரண்டுக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. பழைய காலேஜ்களின் நாட்காட்டி பதினெட்டு, இருபது வயது இளநிலை மாணவர்களுக்காகப் போட்டது. எட்டு எட்டு வாரமாக மூன்று பருவம். இடைப்பட்ட விடுமுறையில் அவர்கள் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். பல காலேஜ்களில் சாப்பாட்டுக்கூடத்தின் நேரம் சுருங்கும், அறைகள் மாநாட்டு விருந்தினருக்குப் போகும். எம்பிஏ கிட்டத்தட்ட பன்னிரண்டு மாதமும் ஓடும் படிப்பு. வேலை பார்த்துவிட்டு வந்த உங்களுக்கு ஜூலையில் ஆளில்லாத வளாகம் ரொம்பவே வெறிச்சென்று இருக்கும்.

இதனால்தான் மேற்படிப்பு மாணவர்களுக்கென்றே இருக்கும் காலேஜ்கள் பக்கம் என் மனசு சாய்கிறது. கிரீன் டெம்பிள்டன் 2008-இல் இரண்டு காலேஜ்கள் இணைந்து உருவானது. அதில் டெம்பிள்டன் நிர்வாகவியலுக்காகவே தொடங்கப்பட்டது. உட்ஸ்டாக் ரோட்டில் பழைய ராட்கிளிஃப் வானாய்வுக் கோபுரம்தான் அதன் அடையாளம். மருத்துவம், பொதுக்கொள்கை படிப்பவர்கள் நிறைய. அப்பல்லோ மாதிரி மருத்துவமனைத் துறைக்குத் திரும்பி வரும் எண்ணம் இருந்தால் இதைவிடப் பொருத்தமான மேஜை கிடைக்காது. குறை என்னவென்றால் நிர்வாகவியல் ஆட்களும் அதிகம். பகல் முழுக்க கேஸ் ஸ்டடி பேசிய அதே முகங்களையே ராத்திரி சாப்பாட்டிலும் பார்க்க நேரலாம்.

வுல்ஃப்சன் வேறு மாதிரி. தத்துவ அறிஞர் ஐசயா பெர்லின் முதல் தலைவராக இருந்து வளர்த்த இடம். சாப்பாட்டுக்கூடத்தில் ஆசிரியர்களுக்கென்று தனி மேஜை கிடையாது. ஒரு பக்கம் தொல்லியல் பேராசிரியர், மறுபக்கம் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி என்று உட்கார நேரும். சர்வெல் ஆற்றங்கரை, சொந்தப் படகுத்துறை. ஊருக்கு வடக்கே ஒதுங்கியிருப்பதால் சைக்கிள் இல்லாமல் முடியாது. மழையில் சைக்கிள் மிதிக்கத் தயார் என்றால் என் ஓட்டு இதற்கே. எம்பிஏ நட்புகள் வகுப்பிலேயே தானாக அமையும். மற்ற துறை ஆட்களைக் காலேஜ்தான் காட்ட வேண்டும்.

கெல்லாக் பகுதி நேரமாகப் படிப்பவர்கள் அதிகம் உள்ள காலேஜ். தனியாக வீடு எடுத்துத் தங்கத் தயாரானவர்கள் பார்க்கலாம்.

வுல்ஃப்சனில் குடும்பத்தோடு தங்கலாம் என்று பழைய மாணவர்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் காலத்தில் சரி. 2024 ஜனவரியிலிருந்து, அரசு உதவித்தொகை போன்ற சில விலக்குகள் தவிர, எம்பிஏ மாதிரி படிப்புகளுக்குப் போகிறவர்கள் கணவன், மனைவி, குழந்தைகளைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துப் போக முடியாது. கல்யாணமானவர்கள் இதை வீட்டில் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அப்புறம் சமையல். சைவம் சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டுக்கூடத்தை மட்டும் நம்ப வேண்டாம். அறைக்குப் பக்கத்தில் சமையலறை உண்டா, எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று கேளுங்கள். மளிகைக்குக் கவ்லி ரோடு போதும். ஜன்னலைத் திறக்காமல் மிளகாய் வற்றலைத் தாளித்தால் ஸ்மோக் அலாரம் அலறும், கட்டடமே வாசலில் வந்து நிற்கும். தாளிப்புப் பொடியை வீட்டிலேயே வறுத்து அரைத்து எடுத்துப் போவது நல்லது.

எந்தக் காலேஜ்கள் எம்பிஏ மாணவர்களை எடுக்கின்றன என்பதை அந்தந்த ஆண்டின் பட்டியலில் சரிபாருங்கள். கேட்டது கிடைக்காமலும் போகலாம். ஆனால் படிப்பில் இடம் உறுதியானவருக்கு ஏதோ ஒரு காலேஜ் நிச்சயம். 'விருப்பம் எதுவுமில்லை' என்று விடவும் வழி இருக்கிறது, நான் அதைச் சொல்ல மாட்டேன். காலேஜ் கடிதம் வந்ததும் அறை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்று முதல் வேலையாகக் கேளுங்கள். ஒன்பது, பத்து மாதத்துக்கு என்றால் மீதி மாதங்களுக்கு ரயில் பாதையை ஒட்டிய காசில் மில் போன்ற பல்கலைக்கழகக் குடியிருப்புகளுக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். சயீதுக்கு அங்கிருந்து நடந்தே போகலாம்.