பின்னைச் சுழற்றுவதா, பின்னுக்குள் பின்னா? உயர் பாதுகாப்புப் பூட்டுகள் ஓர் அலசல்

பின் என்றால் பூட்டுக்குள் இருக்கும் சிறு உலோகத் தண்டு. சாதாரண பின் பூட்டு சாவியிடம் எதிர்பார்ப்பது ஒன்றைத்தான்: ஒவ்வொரு பின்னும் சரியான உயரத்துக்கு எழ வேண்டும். அமெரிக்கரான லைனஸ் யேல் ஜூனியர் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. உயரத்தை மட்டும் பார்ப்பதால்தான் கம்பியால் நெம்பியும் சாவியைத் தட்டியும் அதைத் திறக்க முடிகிறது. உயர் பாதுகாப்புப் பூட்டுகள் கூடுதலாக ஒரு நிபந்தனை வைக்கின்றன. அது எந்த வகை நிபந்தனை என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது மெடெக்கோவின் வழி. 1968-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் அது. சாவியின் வெட்டுகள் சாய்வாக இருக்கும். பின்னின் நுனி உளிபோல இருக்கும். சாவி நுழையும்போது பின் எழுவதோடு இடமாகவோ வலமாகவோ திரும்பவும் செய்யும். எல்லாப் பின்களும் சரியான கோணத்தில் நின்றால்தான் அவற்றின் பள்ளங்களில் சைடுபார் என்னும் பக்கத் தண்டு இறங்கி, சாவியோடு சுழலும் உருளைக்கு வழிவிடும். உயரம் ஒன்று, கோணம் ஒன்று. முதலாவதைச் சரிசெய்தவருக்கு இரண்டாவது பற்றி எந்தத் துப்பும் கிடைக்காது.

இஸ்ரேலின் மல்டிலாக் நிறுவனம் பின்னுக்குள் இன்னொரு பின்னை வைத்தது. ஐந்து பின் பூட்டில் பத்து உயரங்கள் சரியாக வேண்டும். நுணுக்கமான வேலைதான். ஆனாலும் இரண்டு பின்களிலும் பார்க்கப்படுவது உயரமே என்பதால், அடிப்படை வடிவத்தை மெடெக்கோவுக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன்.

ஷ்லேஜ் நிறுவனத்தின் பிரைமஸ், வழக்கமான ஆறு பின்களுக்குப் பக்கத்தில் ஐந்து சிறு பின்களையும் ஒரு சைடுபாரையும் சேர்த்தது. ஸ்வீடனைச் சேர்ந்த பூ வீடேன் வடிவமைத்தது. அதே குடும்பத்துச் சாதாரணப் பூட்டுகளையும் பிரைமஸ் சாவியால் திறக்கலாம். நூறு கதவு உள்ள கட்டடத்தில் முக்கியமான பத்துக்கு மட்டும் பிரைமஸ் போட்டுவிட்டு, ஒரே சாவியை வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி மற்ற இரண்டையும்விட இதில்தான் எளிது.

சரி, காப்புரிமை எங்கே வருகிறது? வாங்குபவருக்கு அது காப்பது முக்கியமாக வெட்டாத சாவியை, அதாவது நகலெடுக்கப் பயன்படும் வெற்றுச் சாவியை. காப்புரிமை இருக்கும்வரை வேறு யாரும் அதைச் செய்து விற்க முடியாது. முடிந்த பிறகு போட்டியாளர்களும் செய்யலாம். மெடெக்கோவின் முதல் காப்புரிமை 1970-ல் கிடைத்தது. அன்றைய அமெரிக்க விதிப்படி 17 ஆண்டு. 1987-ல் அது முடிவதற்குள் பயாக்சியல் என்னும் அடுத்த மாதிரி வந்துவிட்டது. பின்னின் நுனியை முன்புறமோ பின்புறமோ நகர்த்தியதுதான் அதில் புதுமை. அதன் காலமும் முடியும் நேரத்தில், சாவியின் பக்கவாட்டுப் படியால் நகரும் துண்டோடு மெடெக்கோ3 வந்தது. மல்டிலாக்கின் இன்டராக்டிவ் சாவியில் அசையும் சிறு பகுதியைச் சேர்த்ததும் இதே வகை முயற்சி. நகலெடுப்பவருக்கு அது கூடுதல் தலைவலி.

ஆனால் சட்டம் கடைக்காரரைத்தான் தடுக்கும். 2013-ல் டெஃப்கான் என்னும் ஹேக்கர்கள் மாநாட்டில், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் பிரைமஸ் சாவியின் முப்பரிமாண மாதிரியை உருவாக்கும் மென்பொருளைக் காட்டினார்கள். அச்சிட இயந்திரம் இருந்தால் வெட்டாத சாவியே தேவையில்லை. அதனால் திருட்டுச் சாவிதான் உங்கள் கவலை என்றால், காப்புரிமைக் காலம் நிறைய மீதமிருப்பதோடு, சாவியில் அசையும் பகுதியும் உள்ள பூட்டைத் தேர்ந்தெடுங்கள். நெம்பித் திறப்பதுதான் கவலை என்றால், காலாவதியான காப்புரிமை கொண்ட பயாக்சியலே எனக்குப் போதும்.