வங்கி பிடித்த ஓ.டி. கட்டணம்: யாழ்ப்பாணத்தில் எங்கே கேட்டால் திரும்பி வரும்

ஓ.டி. என்பது மேலதிகப் பற்று: கணக்கில் உள்ளதைவிடக் கூடுதலாக, ஒத்துக்கொண்ட எல்லை வரை எடுக்க வங்கி தரும் கடன் வசதி. அந்தக் கணக்கில் வங்கி கூடுதலாகப் பிடித்த காசைத் திருப்பிக் கேட்க யாழ்ப்பாணத்து வாடிக்கையாளருக்கு நான்கு இடங்கள் இருக்கின்றன: கணக்கு உள்ள கிளை, வங்கியின் தலைமை அலுவலகத்து முறைப்பாட்டுப் பிரிவு, நிதி ஒம்புட்ஸ்மன் (வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைக் கேட்கும் நடுவர்), மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். நான்கிலும் முறையிடக் காசு கேட்பதில்லை. ஆனால் நான்கும் ஒரே வேலையைச் செய்வதில்லை. எதை எங்கே கேட்பது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வீதியில் கிளை கிளையாக ஏறி இறங்கிக் களைத்து, கடைசியில் கைவிட்டுவிடும் வியாபாரிகள் அதிகம். கைவிட வேண்டியதில்லை. ஆவணத்தில் எந்த வரி மீறப்பட்டது என்று காட்டிக் கேட்டால் கணிசமான காசு திரும்பி வருகிறது. "அநியாயமாகப் பிடித்துவிட்டார்கள்" என்று மட்டும் கேட்டால் வருவதில்லை.

அந்த வரியைக் காட்ட மூன்று ஆவணங்கள் வேண்டும். முதலாவது, வசதி தரும்போது வங்கி கொடுத்த ஓபர் லெட்டர். எல்லை எவ்வளவு, வட்டி வீதம் என்ன, எல்லையைத் தாண்டினால் என்ன, எந்தத் திகதியில் காலாவதி என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டாவது, அந்தக் காலத்தில் நடைமுறையில் இருந்த கட்டணப் பட்டியல். இன்று இணையத்தில் கிடக்கும் பட்டியல் போன வருடத்துக் கட்டணத்துக்குச் சாட்சியாகாது, பழையதைக் கிளையிடம் எழுத்தில் கேளுங்கள். மூன்றாவது, கணக்குக் கூற்று. செயலியில் வரும் சுருக்கம் போதாது. ஒவ்வொரு நாள் முடிவிலும் மீதி எவ்வளவு என்று காட்டும் முழுக் கூற்று வேண்டும்.

வட்டியை நீங்களே கணக்குப் பார்க்கலாம். நாள் முடிவு மீதியை வருட வீதத்தால் பெருக்கி, நாட்களால் பெருக்கி, 365ஆல் வகுத்தால் சரி. 1,50,000 ரூபா 12 நாட்கள் கடனில் நின்றது, வீதம் 23 சதவீதம் என்றால் வட்டி 1,134 ரூபா 25 சதம். கூற்றில் இதைவிடப் பெரிய தொகை இருந்தால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்க உங்களுக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. வீதத்தை எடுக்கும்போது காலத்தைக் கவனியுங்கள். முன்கூட்டியே ஒழுங்குசெய்த தற்காலிக மேலதிகப் பற்றுக்கு 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி 16 சதவீத உச்ச வரம்பு வைத்தது. 2022 ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. 2023 ஆகஸ்டில் 23 சதவீத வரம்பு மீண்டும் வந்தது. எந்த மாதத்து வட்டியைக் கேட்கிறீர்களோ அந்த மாதத்தில் இருந்த விதியைத்தான் காட்ட வேண்டும்.

அடிக்கடி பிழைக்கும் இடம் தண்ட வட்டி. எல்லை 3,00,000, மீதி 3,50,000 வரை போய் 20 நாட்கள் நின்றது என்று வைத்துக்கொள்வோம். எல்லையைத் தாண்டிய தொகைக்கு மட்டும் மேலதிகமாக 2 சதவீதம் என்று ஓபர் லெட்டர் சொன்னால், தண்டம் 50,000 ரூபாவுக்கு மட்டும்தான்: 54 ரூபா 79 சதம். அதே 2 சதவீதத்தை முழு 3,50,000க்கும் போட்டால் 383 ரூபா 56 சதம் ஆகிவிடும். ஒரு தடவைக்கு இது சின்னக் காசு. மாதத்துக்கு இரண்டு தடவை எல்லை தாண்டும் ஒரு பலசரக்குக் கடைக்கு இரண்டு மூன்று வருடத்தில் அது சின்னக் காசு இல்லை.

இதைவிடப் பெரிய காசு போவது காலாவதியில். ஓ.டி. எல்லையை வழக்கமாக வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கடைக்காரர் கணக்குகளையும் வியாபாரப் பதிவையும் நேரத்துக்கே கொடுத்திருப்பார். கோப்பு மேலிடத்தில் கிடக்கும். பழைய எல்லை முடிந்த இரவே கணினி முழு மீதியையும் அனுமதியில்லாத பற்றாக எடுத்து, உயர்ந்த வீதத்தைப் போடத் தொடங்கிவிடும். தாமதம் வங்கியுடையது, செலவு உங்களுடையது. திருப்பிக் கேட்க இதைவிட வலுவான காரணம் குறைவு. ஆனால் ஒன்று இல்லாவிட்டால் நிற்காது: புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கொடுத்த நாளில், உங்கள் பிரதியில் கிளையின் திகதி முத்திரை. மேசையில் வைத்துவிட்டு "கொடுத்திட்டன்" என்று வந்தவருக்குப் பிறகு காட்ட எதுவும் இருக்காது.

மூன்றாவது வகை சேமிப்புக் கணக்கையும் அவ்வளவாகப் பாவிக்காத நடைமுறைக் கணக்கையும் பிடிக்கிறது. மாதக் கட்டணம், அட்டையின் வருடக் கட்டணம், குறுஞ்செய்திக் கட்டணம் என்று வங்கியே கழித்துக் கழித்து மீதி பூச்சியத்துக்குக் கீழே போய்விடும். அந்த எதிர் மீதிக்கு வட்டி தொடங்கும். வெளிநாட்டுக் காசு வருவதற்காகத் திறந்து, பிறகு மறந்துபோன கணக்குகளில் இதைப் பார்க்கலாம். வாடிக்கையாளர் ஒரு ரூபாகூடக் கடனாக எடுக்காத இடத்தில் கடன் வட்டி எப்படி வந்தது என்ற ஒரே கேள்வியோடு போங்கள். எங்கள் பார்வையில் இந்த நான்கு இடங்களில் எதிலும் எளிதாக வெல்லக்கூடியது இதுதான்.

வெல்ல முடியாததையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் காசோலையை வைப்பிட்டுவிட்டு அன்றைக்கே அதை நம்பி இன்னொரு காசோலை கொடுத்தால், வரும் வட்டி நியாயமானது. கூற்றில் தொகை தெரிந்தாலும் காசோலை தீரும் வரை அது உங்கள் காசு இல்லை. தீர்வுக்கு அடுத்த வேலைநாள் வேண்டும். சனி ஞாயிறும் இடையில் வரும் போயாவும் கணக்கில் இல்லை. வைப்புச் சீட்டின் முத்திரையில் ஒரு திகதியும் கூற்றில் பிந்திய திகதியும் இருந்தால் மட்டும் கேட்கலாம். கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்குக் காசு நிரப்ப அவசரமென்றால், உங்களுக்குக் காசு தரவேண்டியவரிடம் காசோலை வாங்காமல் செஃப்ட்ஸ் (வங்கிகளுக்கிடையிலான உடனடி இணையப் பணமாற்று) மூலம் அனுப்பச் சொல்லுங்கள். உடனே கணக்கில் விழும்.

இனி நான்கு இடங்களும். கிளைதான் வேகமானது. சின்னக் கட்டணங்களை முகாமையாளர் தன் அதிகாரத்திலேயே திருப்பிவிடலாம், வட்டியைத் திருப்பப் பெரும்பாலும் மேலிட அனுமதி தேவை. கவுண்டரில் முதலில் கேட்கும் பதில், "அது சிஸ்டம் தானாப் பிடிக்கிறது அண்ணை, நாங்க ஒண்டும் செய்யேலாது." கோபப்பட வேண்டாம், கவுண்டரில் இருப்பவரால் உண்மையில் ஏலாது. "சரி தம்பி, அதையே எழுதித் தாங்கோ" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு கதை முகாமையாளரின் அறைக்குப் போய்விடும். காசைத் திருப்ப ஒத்துக்கொண்டால் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: பிழையாகப் பிடித்த அதே நாளின் மதிப்புத் திகதியில் (வட்டி கணக்கிடப்படும் திகதி) பதிவு போட வேண்டும். இன்றைய திகதியில் போட்டால் கட்டணம் வரும், ஆனால் அந்தக் கட்டணத்தின் மேல் இடையில் ஏறிய வட்டி உங்கள் தலையிலேயே நிற்கும்.

தலைமை அலுவலகத்து முறைப்பாட்டுப் பிரிவு மெதுவானது, ஆனால் ஆவணத்தை வாசிக்கிறது. ஒரு பக்கக் கடிதம் போதும்: கணக்கு இலக்கம், திகதி, பிடித்த தொகை, ஓபர் லெட்டரின்படி இருக்க வேண்டிய தொகை, வித்தியாசம். கீழே உங்கள் கணக்கு. பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். கடிதம் தமிழிலேயே இருக்கலாம். 2011ஆம் ஆண்டு மத்திய வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் சாசனம் நிபந்தனைகளை வாடிக்கையாளர் விரும்பும் மொழியில் கேட்க இடம் தந்தது. ஆங்கிலத்தில் மட்டும் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும் ஒரு வரியில் எழுதுங்கள்.

வங்கி மறுத்தால், அல்லது பதிலே தராவிட்டால், நிதி ஒம்புட்ஸ்மன். 2003இல் தொடங்கிய இந்த அலுவலகம் கொழும்பில் இருக்கிறது. முதலில் வங்கியிடம் முறையிட்டிருக்க வேண்டும். அந்தக் கடிதமும் தபால் பற்றுச்சீட்டும் இல்லாமல் இங்கே எழுதுவது வீண். நீதிமன்றத்தில் இருக்கும் விடயத்தை எடுக்கமாட்டார்கள். "வட்டி வீதமே கூட" என்ற முறைப்பாடும் நிற்காது, வீதத்தைத் தீர்மானிப்பது வங்கியின் வியாபார முடிவு. ஒத்துக்கொண்ட வீதத்தை மீறிப் பிடித்தது என்றால்தான் அது ஒம்புட்ஸ்மனுக்குரிய வேலை. தனிப்பட்ட காசுத் தகராறுக்கு நான்கிலும் மிகப் பொருத்தமான இடம் இதுவே. வடக்கில் ஒரு கிளை இல்லாதது பெருங்குறை. எல்லாவற்றையும் எழுத்தில் தெளிவாக வைக்கத் தெரியாத ஒரு சின்னக் கடைக்காரருக்கு அந்தத் தூரம் உண்மையான தடை.

மத்திய வங்கியின் திணைக்களம் 2020இல் தொடங்கியது, அழைக்க 1935. விதி மீறல் என்றால் இங்கே போங்கள்: உச்ச வரம்புக்கு மேல் வட்டி, அறிவிக்காமல் புதிய கட்டணம், முறைப்பாட்டையே ஏற்க மறுத்தல். 2023இன் 1ஆம் இலக்க நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வங்கிகளுக்கு இந்தக் கடமைகளை எழுத்தில் வைத்திருக்கின்றன, கடிதத்தில் அவற்றின் பெயரைக் குறிப்பிடுங்கள். அழைப்பு வழிகாட்டத்தான். முறைப்பாடு எழுத்தில் போக வேண்டும்.

லண்டனில் இருக்கும் உறவினர் அனுப்பும் மாதிரிக் கடிதத்தை இங்கே கொடுக்காதீர்கள். அது அந்த நாட்டுச் சட்டத்தில் நிற்பது. அங்கேயும், அனுமதியில்லாத பற்றுக் கட்டணங்கள் நியாயமானவையா என்று 1999ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின் கீழ் எடைபோட முடியாது என 2009 நவம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபின், முன்பு கூட்டமாகக் கிடைத்த காசு நின்றுபோனது. 2020 ஏப்ரல் 6 முதல் அங்கே ஒழுங்கு செய்யாத பற்றுக்கு ஒழுங்கு செய்த பற்றைவிடக் கூடிய விலை வைக்க முடியாது. அங்கே கணக்கு வைத்திருப்பவர் வங்கியிடம் முறையிட்டு எட்டு வாரம் பார்த்துவிட்டு, அந்த நாட்டு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்.

முறைப்பாடு நடக்கும்போது ஓ.டி. கட்டுவதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தண்ட வட்டி ஏறும், கிறிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலும் விழும். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். வருட முடிவில் மீதியை உறுதிப்படுத்தச் சொல்லி வரும் படிவத்தில் கண்ணை மூடிக் கையெழுத்து வைக்காதீர்கள். தகராறான தொகையைத் தவிர்த்து என்று எழுதிவிட்டு வையுங்கள். எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட இலங்கைக் காலாவதிச் சட்டம் ஆறு வருடம் தருகிறது. ஆறாவது வருடம் வரை காத்திருப்பவருக்குப் பழைய கட்டணப் பட்டியலைத் தேடித் தர கிளையில் ஆள் இருக்கமாட்டார்.

எல்லைக்குள் இருந்தும் காசோலை திரும்பியிருந்தால் கட்டணம் மட்டும் போதாது. பிழை வங்கியுடையது என்று காசோலையைப் பெற்றவருக்கு வங்கி எழுதிய கடிதத்தையும், கிறிப் பதிவு போயிருந்தால் அதைத் திருத்தியதற்கான உறுதியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த கடனுக்குப் போகும்போது முகாமையாளர் திறந்து பார்ப்பது அந்த அறிக்கையைத்தான்.