புறநானூறு நடத்த: கூகுள் ஃபார்மா, குரல் பதிவா?

காரைக்குடிப் பக்கம் தமிழாசிரியர்களுக்குள் அடிக்கடி வரும் கேள்வி இது: பாட்டு புரிந்ததா என்று பார்க்க கூகுள் ஃபார்மில் (இணைய வினாத்தாள்) கேள்வி வைப்பதா, பிள்ளைகளைச் சொல்லவைத்துக் குரலைப் பதிவு செய்வதா? பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்' பாட்டையே (புறம் 112) எடுத்துக்கொள்வோம். பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலையும் நமக்குப் பக்கம்தான்.

செலவு: இரண்டுமே இலவசம்.

திருத்தும் நேரம்:
ஃபார்ம்: விடையைக் குறித்து வைத்தால் மதிப்பெண்ணை அதுவே போட்டுவிடும்.
பதிவு: 40 பேர், ஆளுக்கு 2 நிமிடம் என்றால் 80 நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தெரியவருவது:
ஃபார்ம்: திணை பொதுவியல், துறை கையறுநிலை (இழப்பை நினைத்து வருந்துவது) என்று பிள்ளைக்கு நினைவிருக்கிறதா என்பது.
பதிவு: பாட்டு உள்ளே போயிருக்கிறதா என்பது. ஐந்தே அடி. இரண்டாம் அடியில் 'எந்தையும் உடையேம்' (எங்கள் தந்தை இருந்தார்) என்று வருகிறது, கடைசியில் 'எந்தையும் இலமே' (தந்தையும் இல்லை) என்று முடிகிறது. அந்த இரண்டு இடத்திலும் குரல் ஒரே மாதிரி இருந்தால் பொருள் பிடிபடவில்லை. அப்புறம், பாரியின் மகளாகவே, தந்தையை இழந்தபின் வந்த அந்த நிலா இரவைச் சொந்த நடையில் பேசச் சொல்லுங்கள். வாயே திறக்காத பிள்ளைகூட இதில் பேசும்.

காப்பி:
ஃபார்ம்: விடைகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். கேள்வி வரிசையை மாற்றிவிடலாம், முழுத் தீர்வு இல்லை.
பதிவு: நோட்ஸைப் பார்த்துப் படித்தால் காதிலேயே தெரியும்.

வீட்டில் கைபேசி இல்லையா? ஃபார்மை அச்செடுத்துக் கொடுக்கலாம். பதிவை ஆசிரியர் கைபேசியில் வகுப்பிலேயே எடுக்கலாம்.

தேர்வுக்கு முந்தைய வாரம் திருப்புதலுக்கு ஃபார்ம் சரி. பாடம் நடத்தும் வாரத்தில் பதிவுதான் வேண்டும். வகுப்பு பெரிதென்றால் ஐந்தைந்து பேர் குழுவாகப் பேசட்டும், கேட்கும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும்.