வாடகை கேரவனில் ஐந்து நாள்: பாலைவனத்துக்குப் போகும் முன் ஒரு வெள்ளோட்டம்

மன்னார்குடிதான் எனக்கு ஊர். மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன ஆண்டு ஓய்வு பெற்றேன். குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர், ஜெய்சல்மேர், பிகானேர் என்று இரண்டு மாதம் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்து ஒரு சுற்று வரவேண்டும் என்பது எனக்கும் மனைவிக்கும் ரொம்ப நாள் ஆசை. சொந்தமாக வண்டி கட்டப் பெரிய தொகை ஆகும், அதில் இறங்கும் முன் ஒரு தடவை வாழ்ந்து பார்த்துவிடுவோம் என்று, டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்றி வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் மே மாதம் ஐந்து நாள் எடுத்தோம். நாள் வாடகை 8,500 ரூபாய். டீசல் நம் செலவு, ஓட்டுவதும் நாமே.

கொடைக்கானல், மூணாறு போகிறவர்கள் தாராளமாக எடுக்கலாம். பாலைவனத்துக்கு இந்த வண்டி ஆகாது.

கட்ச்சின் உப்பு வெளிக்குப் பதிலாக வேதாரண்யம் உப்பளம், தார் மணலுக்குப் பதிலாகத் திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடான தேரிக்காடு. இப்படித்தான் வழியைப் போட்டோம். முதல் இரவு வேதாரண்யத்திலேயே குட்டு உடைந்தது. போனில் லித்தியம் பேட்டரி என்று சொல்லியிருந்தார்கள். சீட்டுக்கு அடியில் திறந்து பார்த்தால் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 150 ஏ.எச். ஈய பேட்டரி இரண்டு. கணக்குப்படி 3.6 யூனிட், ஆனால் ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும் என்பதால் நமக்கு உதவுவது 1.8 யூனிட்தான். கூரை ஏசியோ ஓடும்போது 900 வாட் இழுத்தது. பத்து மணிக்குப் போட்டோம், பன்னிரண்டு அடிப்பதற்குள் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ஜன்னலைத் திறந்து கொசுவலையை இழுத்துவிட்டுக்கொண்டு விடியும்வரை புழுக்கத்தில் கிடந்தோம்.

கூரையில் 400 வாட் சோலார் இருந்தது. வெயில் கூடினால் கரண்டும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சம்தான் கரண்டைக் கொடுக்கிறது, சூடு அதைக் கெடுக்கிறது: 25 டிகிரிக்கு மேல் பேனல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் ஏழில் ஒரு பங்கு போச்சு. எங்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தது ஒன்றரை யூனிட் சொச்சம். பிரிட்ஜ், ஃபேன், விளக்கு மூன்றுக்கும் அது காணும், ஏசிக்குக் காணாது. ஆகவே ஏசியே தேவைப்படாத மாதத்தில்தான் கிளம்ப வேண்டும். டிசம்பர், ஜனவரியில் ஜெய்சல்மேரில் இரவு பத்து டிகிரிக்குக் கீழே போய்விடும், மழைக்காலத்தில் தண்ணீர் கட்டி நிற்கும் ரண் என்கிற கட்ச் உப்பு வெளியும் அதற்குள் காய்ந்து வெள்ளையாகிவிடும். ஆனால் அந்த நேரம் இங்கே சம்பா வயலில் நிற்குமே! தை அறுப்புக்கு நான் ஊரில் இல்லாமல் இருந்ததே கிடையாது. மச்சினர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார், இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

அடுத்தது தண்ணீர். டேங்க் 100 லிட்டர். எங்கள் ஊர் ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள், குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துப் பழகியவர்கள் நாங்கள்; ஒன்றரை நாளில் டேங்க் காலி. மூன்றாம் நாள் மனைவி பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பாத்திரத்தை முதலில் பழைய துணியால் துடைத்துவிடுவது, ஸ்ப்ரே பாட்டிலில் அலசுவது, குளியல் அரை வாளியோடு சரி. ஒரு நாளைக்கு 28 லிட்டர் என்ற அளவுக்கு வந்துவிட்டோம். நாங்கள் கட்டப் போகும் சொந்த வண்டியில் 150 லிட்டர் வைக்கப் போகிறோம். அதற்கு மேல் வைத்தால் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ, மணலில் அந்தப் பாரம்தான் சக்கரத்தை உள்ளே இழுக்கும்.

அதைத் தேரியில் நேரிலேயே பார்த்தோம். உள்ளே காப்புக்காடு என்பதால் போகவில்லை, ஓரத்து மண் பாதையிலேயே பின்சக்கரம் இரண்டும் செம்மணலில் புதைந்துவிட்டது. நான் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. பதநீர் இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் ஓடி வந்து, "மிதிக்காதீங்க அண்ணாச்சி, டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்லிக் காய்ந்த பனை ஓலைகளைச் சக்கரத்துக்கு முன்னால் பரப்பினார். ஒரே தள்ளில் ஏறிவிட்டது. அவர் கையில் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை, பதநீர் வேறு கொடுத்தார். வண்டியில் காற்றடிக்கும் பம்பும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. குறைந்த காற்றோடு ஊர்ந்து ஊர்ந்து பஞ்சர் கடையைத் தேடிப் போனோம். மறுநாள் காலை தோசை மாவு டப்பா மூடிமேல் செம்மண் படிந்திருந்தது. பின்கதவு ரப்பர் பீடிங் முழுக்க இற்றுப்போயிருக்கிறது. தேரிக்காற்றுக்கே இப்படி என்றால் ஜெய்சல்மேர் புழுதிக்கு என்ன ஆகும்?

நல்லதையும் சொல்ல வேண்டும். கட்டில் அருமை, என் முதுகுவலிக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றி எடுத்துக் கொட்டும் கழிவறைப் பெட்டி சுத்தமாக இருந்தது, நாற்றமே இல்லை. பேட்டரி விஷயத்தைக் கேட்டதும் தப்புதான் என்று ஒத்துக்கொண்டு ஒரு நாள் வாடகையைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சொந்த வண்டிக்கு லித்தியம் பேட்டரி, நல்ல பீடிங், பம்பு, மண்வெட்டி என்று எழுதி வைத்தாயிற்று. வண்டியை மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். தண்ணீர் அதிகம் கேட்காத சமையலாக இருக்கட்டும் என்று மனைவி இப்போதே மொட்டை மாடியில் சுண்டைக்காய் வற்றலும் கூழ் வடகமும் காயப் போட்டிருக்கிறாள்.