எல்லை வேலிக்குத் தகடா, வெல்டு மெஷ்ஷா?

எங்கள் மனையின் நீளமான பக்கத்தில் ஏழு வருடம் தகட்டு வேலி நின்றது. அதைக் கழற்றிவிட்டு வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து வெல்டு அடித்த வலைப் பேனல்கள், போட்டு நான்கு வருடம் ஆகிறது. மண்ணும் மழையும் காற்றும் அதேதான், வேலி மட்டும் வேறு. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது. இன்றைக்கு மறுபடி போடச் சொன்னாலும் மெஷ்தான் போடுவேன். ஆனால் எந்த மெஷ் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். தகடு பார்வையை மறைக்கும், மெஷ் மறைக்காது. இரண்டுமே செங்கல் சுவரைவிடச் சீக்கிரம் முடியும். முழு நீளத்துக்கும் அஸ்திவாரம் தோண்ட வேண்டியதில்லை, கம்பம் நிற்கும் இடத்தில் குழி போதும். பின்னால் வேண்டாமென்றால் கழற்றலாம். சுவர் கட்ட வசதி இருப்பவர்கள் சுவரே கட்டிக்கொள்ளலாம், அதில் எனக்கு வாதம் இல்லை.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தகட்டு வேலி என்பது காற்றுக்கு எதிரே பாய் விரித்த மாதிரி. 2.4 மீட்டர் அகலமும் 1.8 மீட்டர் உயரமும் உள்ள ஒரு பேனலின் பரப்பு 4.3 சதுர மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால், அந்த ஒரு பேனல் மேல் குறைந்தது 200 கிலோ எடை சாய்ந்து தள்ளுவதற்குச் சமம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்கு. வேலியின் உயரத்தை இரண்டு மடங்காக்கினாலும் கம்பத்தின் அடியை வளைக்கும் விசை நான்கு மடங்காகிவிடும். எங்கள் வேலி மூன்றாம் வருடம் ஒரே இரவுக் காற்றில் ஒரு சாண் சாய்ந்தது. தகடு கிழியவில்லை, கம்பமும் வளையவில்லை. ஊறிப்போன மண்ணில் கான்கிரீட் கட்டியோடு சேர்ந்து கம்பம் திரும்பிக்கொடுத்திருந்தது. தோண்டிப் பார்த்தால் குழியின் ஆழம் ஒன்றரை அடிகூட இல்லை.

மெஷ்ஷில் இந்தத் தொல்லை குறைவு. 5 மில்லிமீட்டர் கம்பி, கம்பிகளுக்கு நடுவே 50க்கு 200 மில்லிமீட்டர் கண் என்று வைத்துக்கொண்டால், காற்றுக்குத் தடையாக நிற்பது மொத்தப் பரப்பில் எட்டில் ஒரு பங்குதான். அதில் அடர்த்தியாகக் கொடி படரவிட்டால் மட்டும் அதுவும் பாதிச் சுவர் ஆகிவிடும். கொடி ஏற்ற ஆசைப்படுபவர்கள் குழியை முதலிலேயே ஆழமாகப் போட்டுவிட வேண்டும்.

இருந்தாலும் நான் மாறியது காற்றுக்காக இல்லை. தரைக்கு மேலே நிற்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இருந்து, கம்பங்களும் கனமாக இருந்தால் தகடும் நிற்கும். என்னை மாற்றியது துரு.

ஐந்தாம் வருடம் வேலியோரம் சருகு கூட்டிக்கொண்டிருந்தேன். விளக்குமாற்றின் நுனி தகட்டுக்குள் போய்விட்டது. வெளியே பச்சைப் பெயிண்ட் அப்படியே பளபளவென்று இருக்கிறது. விரலால் அழுத்தினால் காய்ந்த இலை மாதிரி நொறுங்குகிறது, உள்ளே வெறும் செம்பொடி. தகட்டின் அடி விளிம்பு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதன் மேல் சருகு சேர்ந்து, மழைக்காலம் முழுக்க ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தது.

நல்ல தகடு என்று விற்பதில் துருவைத் தடுக்கும் பூச்சாகச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம் இருக்கும். அது இரண்டு பக்கத்துக்கும் சேர்த்த கணக்கு. பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்கு 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான். தகட்டின் முகத்துக்கு அது போதும். அறுத்த விளிம்பில் அதுவும் இல்லை, வெறும் இரும்புதான் தெரிகிறது. பக்கத்தில் இருக்கும் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு அந்த விளிம்பைக் காப்பாற்றப் பார்க்கும். விளிம்பு எப்போதும் ஈரத்தில் கிடந்தால் அது எத்தனை நாள் தாங்கும்? எங்களுக்கு வேலி போட்டவர்கள் கிரைண்டரில் அறுத்தார்கள். அந்தச் சூட்டில் விளிம்போரப் பூச்சு கருகிவிடும். பறக்கும் பொறிகள் பெயிண்டில் ஒட்டி, முதல் மழையிலேயே பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தகட்டுக் கத்தரியால் வெட்டியிருந்தால் இவ்வளவு கெட்டிருக்காது.

சரி, மெஷ்ஷில் துருவே வராதா? வரும். சொல்லப்போனால் கெட்ட மெஷ் கெட்ட தகட்டைவிட மோசம். ஒரு பேனலில் நூற்றுக்கணக்கான வெல்டு முடிச்சுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் துரு தொடங்க ஒரு இடம். இங்கேதான் வரிசை முக்கியமாகிறது. ஏற்கெனவே துத்தநாகம் பூசிய கம்பியை எடுத்து வெல்டு அடித்தால், அந்தச் சூட்டில் முடிச்சில் இருக்கும் பூச்சு எரிந்துபோகும். வெறும் கம்பியை வெல்டு அடித்து முடித்துவிட்டு, முழுப் பேனலையும் 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிக்கிடக்கும் துத்தநாகத்தில் முக்கி எடுத்தால், முடிச்சின் இடுக்கு வரைக்கும் பூச்சு ஓடி நிரம்பும். கடையில் இரண்டையும் ‘ஜிஐ மெஷ்’ (துத்தநாகம் பூசிய இரும்பு மெஷ்) என்றுதான் சொல்வார்கள்.

கண்ணால் பார்த்தே பிரிக்கலாம். முடிச்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெல்டுக்குப் பின் முக்கியதில் இரண்டு கம்பியும் சேரும் மூலையில் துத்தநாகம் மெழுகு வழிந்த மாதிரி உருண்டு நிற்கும். முன்பே பூசிய கம்பியில் முடிச்சைச் சுற்றி ஒரு கருத்த வளையம் தெரியும், மூலை கூர்மையாக இருக்கும். நான் இரண்டிலும் ஒரு சாண் துண்டு வாங்கி, குழாயடியில் ஒரு மழைக்காலம் முழுக்கப் போட்டு வைத்தேன். ஒன்றில் முடிச்சுக்கு முடிச்சு செம்புள்ளி. இன்னொன்று மங்கிச் சாம்பல் நிறமானதோடு சரி. மேலே பவுடர் கோட்டிங் என்ற வண்ணப்பூச்சு இருந்தால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், அதனால் கோட்டிங் போடுவதற்கு முந்தைய துண்டைக் கேட்டுப் பாருங்கள்.

கம்பத்துக்கும் இதே விதிதான். பேனலைப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டும் ஓட்டைகளை எல்லாம் போட்டுவிட்டு, அப்புறம் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். அப்போதுதான் குழாயின் உள்பக்கத்திலும் பூச்சு இறங்கும். மேலே மூடி போடாத குழாய்க் கம்பம் மழைநீரைத் தொட்டி மாதிரி பிடித்துவைத்து உள்ளிருந்தே அரிக்கும். வெளியே அரிப்பது கம்பமும் கான்கிரீட்டும் சேரும் இடத்தில். கான்கிரீட்டைத் தரைக்கு இரண்டு அங்குலம் மேலே ஏற்றி, நாலு பக்கமும் சரிவாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். பள்ளமாக விட்டால் தண்ணீர் அங்கேயே தங்கும்.

வேலை நடக்கும்போது நான் கூடவே நின்றது ஒரு விஷயத்துக்காக. எல்லைக்கல்லுக்கு எல்லைக்கல் நூல் கட்டி, அதிலிருந்து குழியின் பாதி அகலத்துக்கு உள்ளே தள்ளிக் கம்பத்தை நிறுத்தினோம். கம்பம் எல்லைக்குள் இருந்து, மண்ணுக்கடியில் கான்கிரீட் பக்கத்து மனைக்குள் போய்விட்டால் அதுவும் ஒரு தகராறுதான். எல்லாக் கம்பத்தையும் முதலிலேயே நட்டுவிடாமல், ஒரு கம்பம், ஒரு பேனல் என்று தூக்குக்குண்டு பிடித்துப் பிடித்துப் போனோம். கம்பத்துக்குக் கம்பம் அரை அங்குலம் தப்பினாலும் இருபதாவது பேனலில் கிட்டத்தட்ட ஒரு அடி வித்தியாசம் வந்து நிற்கும்.

என் மெஷ்ஷுக்கு நான்கு வயதுதான், தகட்டுக்கு நான் கொடுத்த ஏழு வருடத்தை அது இன்னும் தொடவில்லை. இதுவரை முடிச்சுகளில் துரு இல்லை. கடலோர உப்புக்காற்றில் துத்தநாகம் இதைவிட வேகமாகக் கரையும், அங்கே என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுமினியப் பட்டை வேலி துருவே பிடிக்காது என்பார்கள். செம்பொடியாக உதிராது என்பது சரி, ஆனால் ஈரச் சிமெண்டு பட்டால் அலுமினியத்தையும் அரிக்கும். அதை நான் போட்டுப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்லவில்லை.

துணி துவைக்கும் பக்கம் மட்டும் மறைப்பு வேண்டியிருந்தது. அங்கே மூன்று பேனல் நீளத்துக்குத் தகடுதான் போட்டிருக்கிறேன். கம்பங்களை நெருக்கி நட்டு, அடியில் நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன். அறுத்த விளிம்பை மேல்பக்கமாகத் திருப்பி, அதன் மேல் ஒரு மடிப்புத் தகடு கவிழ்த்திருக்கிறோம். விளக்குமாறு இப்போது அதன் அடியில் தாராளமாகப் போய் வருகிறது.