ஓய்வுபெற்ற தரையிறங்கு கப்பல்: மிதக்க விடலாமா, கரையேற்றலாமா, மூழ்கடிக்கலாமா?

இந்தியக் கடற்படையின் குல்தார், சீட்டா, கும்பிர் ஆகிய மூன்று தரையிறங்கு கப்பல்களும் 2024 ஜனவரி 12 அன்று போர்ட் பிளேரில் ஓய்வுபெற்றன. மூன்றும் போலந்தில் கட்டியவை. இவற்றில் குல்தாரை மகாராஷ்டிர சுற்றுலாத் துறை கேட்டு வாங்கியது. சிந்துதுர்க் மாவட்டத்தில் நிவதிப் பாறைகளுக்கு அருகே கடலில் இறக்கி, முக்குளிப்பவர்கள் பார்க்கும் நீரடி அருங்காட்சியகமாக ஆக்குவது திட்டம். இதைச் செய்திகளில் 'கப்பலைப் பாதுகாக்கிறார்கள்' என்றே எழுதினார்கள். மூழ்கடிப்பது ஒரு நல்ல முடிவாக இருக்கலாம், ஆனால் பாதுகாப்பு என்ற சொல் அதற்குப் பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் என்று பார்க்க, முதலில் இந்த வகைக் கப்பல் எங்கிருந்து அழுகத் தொடங்குகிறது என்று தெரிய வேண்டும்.

தரையிறங்கு கப்பல் மணலில் மூக்கை முட்டி நிற்பதற்காகவே கட்டப்பட்டது. அடிப்பகுதி தட்டை. அணியத்தில், அதாவது முன்முனையில், இரண்டு கதவுகள், அவற்றுக்குப் பின்னால் இறங்கும் சாய்பாலம். கரையை நெருங்கும்போது முன்பக்கத்தை உயர்த்தவும், திரும்பும்போது இறக்கவும் வயிறு நிறைய நிலைநீர்த் தொட்டிகள். அமரத்தில், அதாவது பின்முனையில், ஒரு நங்கூரம். கரையேறும் முன்பே அதைப் போட்டுவிட்டு, பிறகு வின்ச்சில் இழுத்துத் தன்னைத்தானே பின்னுக்கு எடுத்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இப்படி 1,051 எல்எஸ்டிகளை (டாங்கிகளை இறக்கும் தரையிறங்கு கப்பல்களை) கட்டித் தள்ளியது. பல பத்தாண்டுகள் இருக்க வேண்டும் என்று எவரும் கணக்குப் போடவில்லை.

துரு முதலில் பிடிக்கும் இடம் வெளித்தகடு இல்லை, அந்த நிலைநீர்த் தொட்டிகள்தான். பாதி நீர், பாதி காற்று, நாள் முழுக்க ஈரம். வெளியே பளபளவென்று சாம்பல் பெயின்ட் இருக்கும், உள்ளே விலாச் சட்டங்கள் பிஸ்கட் மாதிரி உதிரும். அடுத்தது நீர்மட்டக் கோடு. கடல்நீரில் முழுக மூழ்கிய இரும்பு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத் தேயும் என்றால், அலை அடித்து அடித்துக் காயும் பகுதி அதைப் போல மூன்று நான்கு மடங்கு தேயும். மூன்றாவது, அணியக் கதவின் கீல்களும் ரப்பர் பட்டையும். கதவைப் பல ஆண்டுகள் திறக்காமல் வைத்தால் கீல் இறுகிவிடும். திறந்தாலோ ரப்பர் நொறுங்கி, மூடிய பிறகு நீர் கசியும். நான்காவது வாகனத் தளம். வடிகால் துளை அடைத்தால் மழைநீர் ஓரங்களில் தேங்கி, சுவரும் தளமும் சேரும் வெல்டிங் கோட்டைத் தின்னும்.

எந்தக் கப்பலையும் வாங்கும் முன் செய்ய வேண்டியது மீயொலித் தடிமன் அளவீடு. பெயின்டைச் சுரண்டி, வெற்றிரும்பில் ஜெல் தடவி, கருவியை வைத்து, ஒவ்வொரு தகட்டிலும் பல புள்ளிகளில் எடுக்க வேண்டும். மூலத் தடிமனில் கால்பங்கு போயிருந்தால் அந்தத் தகடு மாற்றப்பட வேண்டியது. 10 மில்லி தகடு 7.5க்கு வந்துவிட்டது என்றால் பேரம் பேச ஒன்றுமில்லை. இங்கே ஒரு கண்ணி உண்டு. முன்பு எவராவது பழைய தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டுப்போட்டிருந்தால், கருவி மேல்தகட்டை மட்டும்தான் அளக்கும். 'நல்ல தடிமன்' என்று காட்டும், அடியில் சல்லடையாக இருக்கும். ஒட்டின் விளிம்பு வெல்டிங்கைக் கண்ணால் தேடிப் பிடித்துத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது: பல ஆண்டுகள் மூடிக்கிடந்த தொட்டிக்குள் துருவே ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருக்கும். ஆக்சிஜன் அளவு 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உள்ளே இறங்கக் கூடாது. மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு 'காலிதானே' என்று இறங்கியவர்கள் பலர் மேலே வரவில்லை.

மிதக்க விடுவது

இதற்கு நல்ல உதாரணம் எல்எஸ்டி-325. பிலடெல்ஃபியாவில் கட்டி, 1942 அக்டோபரில் நீரில் இறக்கினார்கள். சிசிலி, சலெர்னோ, நார்மண்டி தரையிறக்கங்களைப் பார்த்தது. 1964இல் கிரேக்கக் கடற்படைக்குப் போய் 1999 வரை 'சைரோஸ்' என்ற பெயரில் ஓடியது. அதை அமெரிக்க முன்னாள் கடற்படையினர் கிரீட்டிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து 2001 ஜனவரி 10 அன்று அலபாமாவின் மொபைல் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குழுவின் சராசரி வயது 72. இப்போது இண்டியானாவின் எவான்ஸ்வில்லில், ஒகையோ ஆற்றில் நிற்கிறது. ஆண்டுக்கொரு முறை ஆற்றில் ஊர் ஊராகப் போய்வருகிறது.

மனஉறுதி மட்டும் அதைக் காப்பாற்றவில்லை. மூன்று சாதகங்கள் உண்டு. ஒன்று, நன்னீர், உப்பு இல்லாததால் தேய்மானம் பெரிதும் குறைகிறது. இரண்டு, எஞ்சின். இரண்டும் 12 சிலிண்டர் இஎம்டி 567, தலா 900 குதிரைத்திறன். இதே குடும்பத்து எஞ்சின் பல்லாயிரம் ரயில் எஞ்சின்களிலும் இழுவைப் படகுகளிலும் ஓடியதால் பிஸ்டன், லைனர், இன்ஜெக்டர் எல்லாம் இன்னும் கிடைக்கும். (நம் ரயில்வேயின் டபிள்யூடிஎம்-4 எஞ்சினுக்குள் இருந்ததும் இந்த 567இன் 16 சிலிண்டர் அண்ணன்தான்.) மூன்றாவது, ஓடுகிற கப்பலில் பம்பு, வால்வு, ஜெனரேட்டர் எதுவும் இறுகாது. ஓடாத கப்பலில் எந்த வால்வு கெட்டது என்பது வெள்ளம் வரும் இரவில்தான் தெரியும்.

நன்னீரில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடட்டும் என்று கடலில் கட்டிய அதே துத்தநாகக் கட்டிகளை அப்படியே விட்டுவிடுவார்கள். நன்னீரில் துத்தநாகத்தின் மேல் ஓடு படிந்து வேலை செய்யாமல் போகும். அங்கே மக்னீசியம் வேண்டும். மக்னீசியத்தைக் கடலில் கட்டினாலோ சீக்கிரம் கரைந்து, பெயின்டையும் உரித்துவிடும்.

மிச்சிகனின் மஸ்கீகனில் நிற்கும் எல்எஸ்டி-393 ஓடுவதில்லை. ஆனாலும் அதன் உடல் தப்பியதற்கு ஏரித் தண்ணீரே முக்கியக் காரணம். போர் முடிந்ததும் 'ஹைவே 16' என்று பெயர் மாற்றி, மஸ்கீகனுக்கும் மில்வாக்கிக்கும் இடையே புதிய கார்களை ஏற்றி 1973 வரை ஓட்டினார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. இதே கிடை கடலில் கிடந்திருந்தால் காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

வெப்பக் கடலில், ஓடாமல், நிரந்தரமாக மிதக்க விடுவது இருப்பதிலேயே மோசமான வழி. மும்பையில் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக்கு நடந்தது நமக்குத் தெரியும்: அருங்காட்சியகமாக இருந்தது, பாதுகாப்பில்லை என்று 2012இல் மூடினார்கள், 2014இல் உடைக்கக் கொடுத்தார்கள். மிதக்கும் அருங்காட்சியகத்தின் உண்மையான விலை டிக்கெட் கவுன்ட்டரும் விளக்கும் இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கப்பலை நீருக்கு வெளியே எடுத்துச் செப்பனிட வரும் டிரை டாக் பில்தான் அது. அதை எவர் கட்டுவார் என்று முதல் நாளே எழுதி வைக்காத கப்பல் ஒவ்வொன்றும் இதே வழியில்தான் போகிறது.

வேலையில் வைப்பது

குறைவாகப் பேசப்படும் வழி இது. நார்மண்டிக்குப் போன எல்எஸ்டி-510, 'கேப் ஹென்லோபன்' என்ற பெயரில் கனெக்டிகட்டின் நியூ லண்டனுக்கும் லாங் ஐலண்டின் ஓரியன்ட் பாயின்ட்டுக்கும் இடையே 1983 முதல் கார் ஏற்றும் படகாக ஓடியது. டிக்கெட் காசே பராமரிப்புக்கு. பயணிகள் படகு என்பதால் ஆய்வாளர்கள் வந்து தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள், தேய்ந்தது மாற்றப்படும். கொடுக்க வேண்டிய விலை, மூலத்தோற்றம். மேல்கட்டுமானம் மாறிவிடும், ஆயுதம் போய்விடும். பழமை விரும்பிகள் இதைப் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரும்பு ஒப்புக்கொள்கிறது.

கரையேற்றுவது

எல்சிடி 7074 என்ற பிரிட்டிஷ் டாங்கித் தரையிறங்கு படகு சிறியது: 57 மீட்டர் நீளம், சுமார் 300 டன். நார்மண்டியில் பத்து டாங்கிகளை இறக்கியது. பிறகு லிவர்பூலில் மிதக்கும் கேளிக்கை விடுதியாக இருந்து, பிர்கன்ஹெட் துறையில் மூழ்கிக் கிடந்தது. 2014இல் தூக்கினார்கள். செப்பனிட்டு, 2020 ஆகஸ்டில் போர்ட்ஸ்மவுத்தின் சவுத்ஸீயில் கரையேற்றி, மேலே கூரை போட்டார்கள்.

கூரைதான் இதில் புத்திசாலித்தனம். கரையில் வைத்தால் நீர்மட்டக் கோடு என்ற தலைவலி ஒழிகிறது, டிரை டாக் ஒழிகிறது. ஆனால் திறந்த வாகனத் தளம் உள்ள கப்பல் மழையில் ஒரு பெரிய அண்டா. கூரை இல்லாவிட்டால் உள்ளிருந்து அழுகும். இன்னொரு கவனம், தாங்குகட்டை. தண்ணீரில் எடை சமமாகப் பரவும். கரையில் சில கட்டைகளின் மேல் விழும். கட்டை குறுக்குச் சுவருக்கும் சட்டத்துக்கும் நேர் கீழே வர வேண்டும். வெறும் தகட்டின் நடுவில் வைத்தால் அடி உள்வாங்கிவிடும்.

நம்மூரிலும் இதற்கு வழி தெரியாமலில்லை. 91 மீட்டர் நீளமுள்ள குர்சுரா நீர்மூழ்கியை விசாகப்பட்டினம் கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கிறோம். சாபல் ஏவுகணைப் படகு கார்வாரில் நிற்கிறது. குல்தார் 84 மீட்டர், 1,100 டன் அளவு. அதுவும் கரைக்கு ஏறுவதற்கென்றே கட்டிய கப்பல். இதைக் கரையேற்றிக் கூரை போட்டிருக்கலாம் என்பது என் கருத்து. கதவைத் திறந்து வைத்தால் சக்கர நாற்காலியில் வருபவர்கூட நேராக உள்ளே போகலாம். வேறெந்தப் போர்க்கப்பலிலும் அது எளிதல்ல.

மூழ்கடிப்பது

ஒருமுறைச் செலவு, அதன் பிறகு பெயின்ட் இல்லை, டிரை டாக் இல்லை. நிர்வாகங்களுக்கு இது பிடிப்பதன் ரகசியம் அதுதான். ஆனால் அந்த ஒருமுறைச் செலவு லேசானதில்லை. எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், கல்நார் உறை, பழைய மின்கம்பிகளில் உள்ள பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள், உதிரும் பெயின்ட், கண்ணாடி, நுரை எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். முக்குளிப்பவர் வெளிச்சம் பார்த்து வெளியேறப் பக்கச் சுவர்களில் திறப்புகள் வெட்ட வேண்டும். சிக்கக்கூடிய கதவுகளைக் கழற்ற வேண்டும்.

நேராக உட்கார வைப்பதுதான் பெரிய பாடு. ஆஸ்திரேலியாவின் டோப்ருக், 127 மீட்டர் நீளத் தரையிறங்கு கப்பல், 2015இல் ஓய்வுபெற்றது. 2018 ஜூன் 29 அன்று குவீன்ஸ்லாந்தில் பண்டபெர்குக்கும் ஹெர்வி பேக்கும் இடையே மூழ்கடித்தார்கள். நிமிர்ந்து உட்கார வேண்டியது வலப்பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. இந்த வகைக் கப்பலில் அந்த அபாயம் எப்போதும் உண்டு. வாகனத் தளம் நீளத்துக்கும் தடுப்பில்லாத ஒரே கூடம். அதில் ஒரு அடி தண்ணீர் புகுந்தால் அத்தனையும் ஒரு பக்கம் ஓடும், கப்பல் சாயும், சாய்ந்ததும் இன்னும் ஓடும். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்து நடந்து பார்த்தால் புரியும். அதனால் அடித்தொட்டிகளைச் சமமாக முதலில் நிரப்பி, காற்று வெளியேறும் துளைகளை இருபுறமும் ஒரே அளவில் வெட்டி, வாகனத் தளத்துக்குக் கடைசியில்தான் நீர் விட வேண்டும். டோப்ருக் படுத்த நிலையிலும் முக்குளிப்பவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அறைகளின் தளம் சுவராகவும் சுவர் தளமாகவும் மாறியிருப்பதால் உள்ளே திசை குழம்பும்.

எதுவும் செய்யாமல் விடுவது

பிலிப்பைன்ஸின் சியரா மாட்ரே முன்பு எல்எஸ்டி-821. 1944இல் எவான்ஸ்வில்லில் கட்டியது. 325 இன்று நிற்கும் அதே ஊர். 1999இல் தென்சீனக் கடலின் இரண்டாம் தாமஸ் திட்டில் வேண்டுமென்றே ஏற்றி நிறுத்தப்பட்டு, இன்றும் சில கடற்படை வீரர்களோடு அங்கேயே இருக்கிறது. பவளத்திட்டில் உட்கார்ந்திருப்பதால் ஓதம் ஏறி இறங்கும் பட்டைதான் அதன் உடல் முழுக்க. கைப்பிடி விட்டுப்போகும் அளவுக்குத் துருவேறிவிட்டது. அதை இழுத்து மீட்பது இனி நடக்காது. இழுத்தால் அடி தங்கிவிடும். காகிதத்தில் அது இன்னும் பணியில் உள்ள கப்பல், அதனால்தான் சீனாவோடு அத்தனை இழுபறி. வெல்டிங் சாமான் ஏற்றிப் போகும் படகுமேல் தண்ணீர் பீய்ச்சும் நிலைமையில், பராமரிப்பு என்பது அரசியலாகிவிட்டது.

அடுத்து நம்மிடம் வரக்கூடிய கேள்வி இந்தியக் கடற்படையின் கரியல் என்ற தரையிறங்கு கப்பலைப் பற்றியது. 1997இல் பணியில் சேர்ந்த அது சுமார் 120 மீட்டர். அதன் அக்கா மகர் 2023இல் ஓய்வுபெற்றது. அந்த அளவைக் கரையேற்றக் கட்டணம் எகிறும், வெப்பக் கடலில் மிதக்க விட்டால் டிரை டாக் பில் விழுங்கும். அதற்கு மூழ்கடிப்பதே சரி. குல்தார் அளவு வரை உள்ளவற்றுக்குக் கரையும் கூரையும்.